நட்சத்திரம் வெடித்த சனிக்கிழமை

பெங்களூரில் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. ஈப்போவிலிருந்து நான் போயிருந்தேன். பயிற்சி முடிந்ததும் கூட வந்தவர்கள் மைசூர் அரண்மனை பார்க்கக் கிளம்பினார்கள். நான் தங்கவயலுக்குக் கிளம்பினேன். என் அப்பாவும் பெரியப்பாவும் குடியாத்தம் பக்கத்துக்காரர்கள். அப்பா கப்பலேறி மலாயாவுக்கு ஈயம் தோண்டப் போனார். பெரியப்பா ரயிலேறி இங்கே தங்கம் தோண்ட வந்தார். தனக்கு ஈயம் வாய்த்தது, அண்ணனுக்குத் தங்கம் வாய்த்தது என்று அப்பா சாகும்வரை பொருமிக்கொண்டே இருந்தார். பெரியப்பா மகன் தேவராஜ் அண்ணனை நான் அதுவரை பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் அவருடைய கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பங்காருபேட்டையில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் தூங்கிவிட்டேன். வேர்க்கடலை விற்கிறவர் என் தோளைத் தட்டி, பங்காருபேட்டை போய் இரண்டு ஸ்டேஷன் ஆகிவிட்டது என்றார். இறங்கித் திரும்பி வருவதற்குள் தங்கவயல் ரயில் போய்விட்டது. கடைசியில் ஒரு தனியார் பஸ்ஸில், டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் மூடியின்மேல் உட்கார இடம் கிடைத்தது. போய்ச் சேர்வதற்குள் பாதி வெந்துவிட்டேன்.

எதிரே இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தெலுங்குக்காரர்கள் உண்டு, எனக்கும் ஓரளவு புரியும். "அந்த ஆளோட தொப்பியப் பாரு" என்றாள் ஒருத்தி. "வெள்ளைக்காரன் மைனை விட்டுட்டுப் போனான்ல, திரும்ப வாங்க ஆள் அனுப்பியிருக்கான் போல." "வாங்கட்டும், என் மாமியாரையும் சேர்த்து வாங்கிக்கச் சொல்லு" என்றாள் மற்றவள். நான் புரியாத மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அண்ணன் வீடு கம்பெனி லைன் வீடு. நீளமான ஒரே கூரையின் கீழ் வரிசையாக வாசல்கள். டிசம்பர் மாதம் என்பதால் வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் தொங்கியது. அண்ணன் ஐம்பதைத் தாண்டியவர், குட்டையான கெட்டியான ஆள். என்னைக் கட்டிப்பிடித்தபோது விலா எலும்பு நொறுங்கிவிடும் என்று நினைத்தேன். "இன்னாடா தம்பி, சித்தப்பா மூக்க அப்படியே வச்சிக்கினு வந்துட்ட" என்றார். கிரேஸ் அண்ணி சிரித்துக்கொண்டே சுடச்சுடக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஊர்க் கடைகளில் தே தாரிக் என்று பாலும் சர்க்கரையுமாக ஆற்றித் தருகிற தேநீரைக் குடித்தே பழகிய நாக்கு. இந்தக் காப்பியின் கசப்பு அதற்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வெட்கமில்லாமல் இன்னொரு டம்ளர் கேட்டேன்.

சமையலறை அலமாரியில் ஒவ்வொரு தட்டுக்கும் குறுக்கே ஒரு மரச்சட்டம் அடித்திருந்தது. பாத்திரத்தை எடுக்கவும் வைக்கவும் அது இடைஞ்சலாக இருந்தது. "பூனைத் தொல்லையா அண்ணி?" என்று கேட்டேன். "பாத்திரம் விழாம இருக்கத்தான் தம்பி" என்றார். நானும் பூனை என்றே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அண்ணன் ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் ராபர்ட்சன்பேட்டையைச் சுற்றினேன். ஒரு பேக்கரியில் முட்டைப் பப்ஸ் தின்றேன். பக்கத்துக் கடையில் நிப்பட்டு வாங்கினேன். நம்முடைய தட்டையேதான், கன்னடத்தில் பெயர் மாறியிருக்கிறது. கடைக்காரர் என்னிடம் தமிழிலும், அடுத்தவரிடம் கன்னடத்திலும், மனைவியிடம் தெலுங்கிலும் பேசினார். மூன்றிலும் ஒரே கோபம். திரும்பும்போது, மண்ணிலிருந்து தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய சாம்பல் நிற மேடுகளைப் பார்த்தேன். எங்கள் ஊரில் ஈயம் எடுத்த இடமெல்லாம் இன்றைக்குக் குளமாகிக் கிடக்கிறது. பிள்ளைகள் அதில் மீன் பிடிக்கிறார்கள். இங்கே மேடு, அங்கே பள்ளம், மற்றபடி ரெண்டும் சுரங்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஈயச் சுரங்கம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிற பள்ளம். மழை வந்தால் ஏறி வந்து குடை பிடித்துக்கொள்ளலாம். இங்கே தலைக்குமேல் பாறை. இந்த வித்தியாசம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

அன்று மாலை அண்ணனுடைய சபையின் பாஸ்டர் வந்தார். நாகர்கோவில்காரர், சின்ன வயது, இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகவில்லை. நான் பள்ளிக்கூடங்களிலும் மன்றங்களிலும் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுகிறவன் என்று அண்ணன் சொல்லி வைத்திருந்தார். "கிறிஸ்துமஸ் மாசம். நட்சத்திரத்தப் பத்தி நாளைக்கு நம்ம ஹால்ல பேசுங்க சார்" என்றார் பாஸ்டர். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் உடனே தலைப்பே கொடுத்துவிட்டேன்: தங்கம் பிறந்த கதை.

இரவு சாப்பாட்டுக்கு ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்றார்கள். எனக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அண்ணன் முதுகில் ஒரு குத்து விட்டார், இறங்கிவிட்டது. "இன்னா பேசப் போற நாளைக்கி?" என்று கேட்டார்.

சொன்னேன். பிரபஞ்சம் தோன்றியபோது பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் இருந்தன. மற்றதெல்லாம் நட்சத்திரங்களின் வயிற்றில் சமைத்தது. பெரிய நட்சத்திரம் ஹைட்ரஜனை எரித்து ஹீலியமாக்கும், அதை எரித்துக் கார்பனாக்கும், பிறகு ஆக்சிஜன், சிலிக்கான் என்று போய்க் கடைசியில் நடுவில் இரும்பு சேரும். எடை குறைந்தது மேலே, எடை மிகுந்தது உள்ளே.

"அப்ப நம்ப மைன் மாதிரின்னு சொல்லு. லெவல் லெவலா கீது" என்றார் அண்ணன்.

எனக்குக் குஷி தாங்கவில்லை. "அதேதான் அண்ணா! நாளைக்கு அப்படியே சொல்கிறேன்" என்றேன். இரும்புக்குப் பிறகு என்ன ஆகும் என்று அவர் கேட்டார். வெடிக்கும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். ஒரு வித்தை வைத்திருந்தேன். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ருசி போய்விடும் என்று நினைத்தேன்.

வித்தை இதுதான். ஒரு தகர டின்னில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைப்பேன். உள்ளே ஆவி நிரம்பியதும் மூடியை இறுக்கி, மேலே குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவேன். உள்ளே இருக்கிற ஆவி அடங்கிவிடும். வெளிக்காற்றின் எடையைத் தாங்க முடியாமல் டின் சட்டென்று நொறுங்கி உள்ளே விழும். நட்சத்திரத்தின் நடு இரும்பும் இப்படித்தான் தன் எடையைத் தானே தாங்காமல் உள்ளே விழுகிறது என்பேன். ஈப்போவில் இதற்கு மண்ணெண்ணெய் டின் பயன்படுத்துவேன், பிள்ளைகள் கைதட்டுவார்கள். இங்கே, காலையில் பாஸ்டரோடு போய்ப் பார்த்தபோது, ஹாலுக்குப் பின்னால், வெள்ளையடிக்கத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பெரிய எண்ணெய் டிரம் ஒன்று நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை பெருகிவிட்டது. "இதிலேயே செய்யலாம் பாஸ்டர்" என்றேன். "ஜோரா இருக்கும் சார்" என்றார் அவர். ஊருக்குப் புதிய இரண்டு பேர் சேர்ந்து எடுத்த முடிவு அது.

சனிக்கிழமை காலை ஹால் நிறைந்துவிட்டது. பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் பாதிப் பேர் முதல் ஷிப்டில் கீழே இருந்தார்கள், தேவராஜ் அண்ணனும்தான். அண்ணி முன் வரிசையில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, இவர் என் கொழுந்தனார் என்கிற பெருமையோடு உட்கார்ந்திருந்தார்.

நான் நன்றாகத்தான் பேசினேன். சுரங்கத்து வார்த்தைகளை எடுத்து எடுத்துப் போட்டேன். நட்சத்திரத்தின் மேல் லெவல் ஹைட்ரஜன், கடைசி லெவல் இரும்பு என்றேன். சிரித்தார்கள். "இரும்பை எரித்தால் சூடு கிடைக்காது. அடுப்பு அணைந்துவிடுகிறது. இதுவரைக்கும் மேலே இருக்கிற பாரத்தை முட்டுக் கொடுத்துத் தாங்கியது அந்தச் சூடுதான். இப்போது முட்டு போய்விட்டது. மேலே இருக்கிற அத்தனை லெவலும் கீழே பார்த்து நிற்கின்றன" என்றேன். ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. என் பேச்சில் சொக்கிப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வெளியே காய்ச்சிய டிரம்மைக் கோணி சுற்றி நான்கு பேர் தூக்கிவந்து மர மேடையில் வைத்தார்கள். மூடியை இறுக்கினேன். "கண் இமைக்கும் நேரத்தில் நட்சத்திரம் உள்ளே விழுகிறது, பாருங்கள்!" என்றேன். பாஸ்டர் வாளித் தண்ணீரை ஊற்றினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு வாளி ஊற்றினார்.

டிரம் நொறுங்கியது. அப்படி ஒரு சத்தத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. மேடைப் பலகை அதிர்ந்தது, மேலே தகரக் கூரை அதிர்ந்து அடங்க நேரமானது. நான் கைதட்டலுக்காக நிமிர்ந்தேன்.

யாரும் தட்டவில்லை. யாரும் அலறவும் இல்லை. பெண்கள் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், செருப்பைத் தேடாமல், வரிசையாக வெளியே நடந்தார்கள். அண்ணியும் போனார். நான் "அண்ணி! டிரம்தான் அண்ணி!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரியாதது போல இருந்தது அந்தப் பார்வை. வெளியே வந்தால், ஹாலுக்கே வராதவர்களும் லைன் வீடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். மாவு அப்பிய கையோடு ஒருத்தி, தலைமுடியில் சோப்பு நுரையோடு ஒருத்தி. எல்லாரும் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட்டின் கேட்டை நோக்கிப் போனார்கள்.

நான் பின்னாலேயே ஓடினேன். என்னோடு நடந்த ஒரு வயதான அம்மாதான் விஷயத்தைச் சொன்னார். பெயர் ஆரோக்கியம்மா, அண்ணி வீட்டுக்கு நான்கு வாசல் தள்ளி இருப்பவர். பூமிக்கடியில் தோண்டத் தோண்ட, மேலே இருக்கிற பாறையின் பாரம் தாங்காமல் சில சமயம் பாறை தானாகவே நொறுங்கி விழுமாம். அதற்கு இங்கே ஏர் பிளாஸ்ட் என்று பெயர். "பாறைய ஒடைக்க குண்டு வெக்கறது வேற, அது வேளைக்கு வேளை வெப்பாங்க. இது வேற சத்தம். வூட்ல பாத்திரம் பண்டம்லாம் ஆடும். சத்தம் கேட்டா பொம்பளைங்க கேட்டுக்கு வந்துருவோம்" என்றார்.

அலமாரியின் மரச்சட்டம் அப்போதுதான் புரிந்தது. நான் பூனையா என்று கேட்டிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கேட்டில் கூட்டம் பெரிதாகிவிட்டது. கம்பிகளுக்கு அப்பால், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு வந்து நிற்கிற இடம் தெரிந்தது. ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, கீழே போன் போட்டுக் கேட்டாகிவிட்டது, எல்லாரும் சௌக்கியம் என்றார். பெண்கள் தலையாட்டினார்கள். நகரவில்லை. நான் அண்ணியிடம் போய், "அண்ணி, என்னை மன்னியுங்கள். வீட்டுக்குப் போகலாம், அது வெறும் டிரம். நீங்களே பார்த்தீர்களே" என்றேன்.

"பாத்தேன் தம்பி. டிரம்முனு தெரியும். காலு கேக்கல" என்றார் அண்ணி. பட்டுப்புடவையின் கரையெல்லாம் செம்மண். "இங்க வந்துட்டா ஆளைப் பாக்காம திரும்பக் கூடாது. திரும்புனா ஆவாது. அவரு மேல வரட்டும்."

ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது. வெயில் ஏறியது. நானும் நின்றேன். என்னை யாரும் திட்டவில்லை. இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒருத்தி தன் முந்தானையை நீட்டி, "வெயிலு பழக்கமில்ல உங்களுக்கு, தலையில போட்டுக்கங்க" என்றாள். தோளில் தொங்கிய பைக்குள் இருந்த தொப்பியை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஆரோக்கியம்மாவிடம், உங்கள் ஆள் எந்த ஷிப்ட் என்று கேட்டேன். "எனக்கு ஆளு இல்லீங்க. போயி ரொம்ப வருசம் ஆவுது, இதே சத்தத்துல" என்றார் சாதாரணமாக. பிறகு ஏன் வந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன், நல்லவேளை அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அந்தக் கதையப் பாதியில வுட்டுட்டீங்களே. நட்சத்திரம் வுழுந்திச்சி. அப்பறம் இன்னா ஆச்சி?" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பினார்கள். நிற்கிற நேரம் போக வேண்டும் அவர்களுக்கு.

சொன்னேன். மேடைக் குரல் வரவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். உள்ளே விழுந்தது இறுகி, அதற்குமேல் இறுக முடியாமல் எதிர்த்து உதைக்கிறது. மேலே இருந்ததெல்லாம் வெடித்துச் சிதறுகிறது. அந்தச் சிறு நேரத்தில் நியூட்ரான் என்கிற துகள்கள் வெள்ளமாகப் பாய்கின்றன. இரும்பைப் போன்ற அணுக்கள் அவற்றை அள்ளி அள்ளி விழுங்கிக் கனத்துப்போய், வெள்ளியாகவும் தங்கமாகவும் யுரேனியமாகவும் மாறுகின்றன. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள். சிதறிய தூசி நம்முடைய பால்வெளியில் கலந்து மிதக்கிறது. வெகுகாலத்துக்குப் பிறகு அந்தத் தூசி திரண்டு சூரியனும் பூமியும் ஆயின. பூமிக்குள் வெந்நீர் பாறை வெடிப்புகளின் வழியாக அதைக் கொண்டுவந்து இங்கே படியவிட்டது. அதைத்தான் உங்கள் வீட்டுக்காரர்கள் தோண்டுகிறார்கள்.

ஆரோக்கியம்மா யோசித்தார். "அது வெடிக்கச் சொல்ல, அதுல யாருனா இருந்தாங்களா?"

எத்தனையோ ஊரில் இதைப் பேசியிருக்கிறேன். எவ்வளவு சூடு, எவ்வளவு தூரம், நம்முடைய சூரியனும் வெடிக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. "இல்லைம்மா, யாரும் இல்லை" என்றேன். "அப்ப சரி" என்றார் அவர்.

சங்கு ஊதியது. கூண்டு மேலே வந்தது. ஆட்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே இறங்கினார்கள். புழுதியில் ஒரு முகமும் தெரியவில்லை. முன்னால் வந்தவர் நிமிர்ந்து, கேட்டில் நிற்கிற பெண்களைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். மேலேயிருந்து போனில், எல்லாரும் சௌக்கியமா என்று அவர்களைக் கேட்டிருந்தார்கள் அல்லவா? அதுவும் என்னால் வந்த போன்தான். மிஷின் ஓடும்போது கீழே பக்கத்துச் சத்தம்கூடக் கேட்காது. அந்தப் போனையும் இந்தக் கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்து, வேறெங்கோ ஒரு லெவலில் பாறை விழுந்துவிட்டது, நமக்குத்தான் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கழற்றிய தலைக்கவசத்தைத் திரும்ப மாட்டினார்கள். திரும்பிக் கூண்டுக்குள் ஏறினார்கள். உருவத்தைப் பார்த்தே தெரிந்தது, முதலில் ஏறியவர் தேவராஜ் அண்ணன்.

அவர்கள் புதைந்தவர்களைத் தோண்டி எடுக்கத் திரும்பக் கீழே போகிறார்கள் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆகிவிட்டது. புரிந்ததும் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "அண்ணா! இறங்குங்கள்! ஒன்றும் இல்லை! நான்தான்!" பெண்களும் கைகளை ஆட்டிக் கத்தினார்கள். காவலாளி கூண்டுப் பக்கம் ஓடினார்.

அண்ணன் இறங்கிக் கேட்டருகே வந்தார். "யாரு?" என்றார்.

"யாரும் இல்லை அண்ணா."

"எந்த லெவலு?"

"ஹாலில். ஒரு டிரம்மை வெடிக்க வைத்தேன். நட்சத்திரம் எப்படி வெடிக்கும் என்று காட்ட" என்றேன். இதைவிட அசிங்கமான ஒரு வாக்கியத்தை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பின்னால் இருந்தவர்களைப் பார்த்து, "ஒண்ணும் இல்லபா, சும்மா" என்று குரல் கொடுத்தார். ஒருவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் தலைக்கவசத்தின் வாரைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. கூண்டில் திரும்ப ஏறும்போது அதே வாரை ஒரே இழுப்பில் மாட்டியிருந்தார், நான் பார்த்தேன். அண்ணி கம்பிக்குள் கையை விட்டு வாரைக் கழற்றிவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது அண்ணன் என் தோளில் கை போட்டுக்கொண்டார். பசிக்கிறது என்றார். அன்றைக்குக் களி என் தொண்டையில் சிக்கவில்லை, நான் சாப்பிட்டால்தானே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நான் ஊர் திரும்பும் நாள். அண்ணி விடவில்லை, ஆராதனைக்குக் கூட்டிப் போனார். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்காரப் பார்த்தேன். அண்ணி கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போனார். யாரும் என்னை முறைக்கவில்லை. சிலர் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

காணிக்கை எடுத்த பிறகு பாஸ்டர் அறிவிப்புக்கு எழுந்தார். அவர் முகத்திலும் ஈயாடவில்லை, என் பக்கம் பார்க்காமலே பேசினார். "நேற்று முதல் ஷிப்டில் கீழே இறங்கி, கர்த்தருடைய கிருபையால் சுகமாய் மேலே வந்தவர்களுக்காக ஸ்தோத்திர காணிக்கை செலுத்தியிருப்பவர்கள்" என்று ஆரம்பித்து ஒவ்வொரு குடும்பமாகச் சொன்னார். தேவராஜ், கிரேஸ் குடும்பத்தார் என்றும் வந்தது. சபை முழுவதும் நன்றிப் பாட்டுப் பாட எழுந்தது.

எனக்குத் தாங்கவில்லை. அண்ணியின் காதருகே குனிந்து, "அண்ணி, நேற்று ஒன்றுமே நடக்கவில்லையே. எதற்கு இது?" என்றேன்.

நான் கேட்டது அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. பாட்டுப் புத்தகத்தை எனக்கும் தெரியும்படி நகர்த்திப் பிடித்துக்கொண்டு,

"மேல வந்தாரு இல்ல தம்பி?" என்றார்.